உங்கள் கேம் காணொளிமீது பதிப்புரிமைக் கோரிக்கை வந்தால்: பதில் எழுதும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கேம் விளையாடிப் பதிவுசெய்து, அதனுடன் வர்ணனையோ விமர்சனமோ சேர்த்து யூடியூபில் வெளியிடுபவர்களில் பதிப்புரிமை அறிவிப்பு ஒன்றைக்கூடப் பெறாதவர் அரிது. அறிவிப்பு வந்தவுடன் பயந்துபோய்க் காணொளியை நீக்குபவர்கள் ஒரு பக்கம், கோபத்தில் கண்ணில் பட்ட படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுபவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பினரும் இரண்டு கேள்விகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். வந்திருப்பது எந்த வகை அறிவிப்பு? அதை அனுப்பியவர் உண்மையில் யார்? இவ்விரண்டுக்கும் விடை தெரியும்வரை எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் இருப்பதே நல்லது.

அதற்கும் முன்பாக ஒரு கசப்பான அடிப்படையை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு கேமின் காட்சிகள், இசை, வசனம், கதை ஆகிய அனைத்தும் அதை உருவாக்கிய அல்லது வெளியிட்ட நிறுவனத்தின் சொத்து. நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது விளையாடும் உரிமையை மட்டுமே. அதைப் பதிவுசெய்து பொதுவில் ஒளிபரப்பும் உரிமை அந்த விலையில் அடங்கவில்லை. சட்டத்தில் விதிவிலக்குகள் இருக்கின்றன என்றாலும், நடைமுறையில் கேம் காணொளி உலகம் நிறுவனங்கள் கொடுத்திருக்கும் அனுமதியை நம்பித்தான் இயங்குகிறது. எனவே உங்கள் முதல் கேடயம், அந்த நிறுவனமே எழுதி வெளியிட்டிருக்கும் காணொளிக் கொள்கை.

பதிவேற்றும் முன்

பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் இணையதளத்தில் இத்தகைய கொள்கையை வைத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட், வால்வ், ரயட் கேம்ஸ் போன்றவற்றின் விதிகள் சொல்லுக்குச் சொல் வேறுபட்டாலும் சாரம் ஏறத்தாழ ஒன்றுதான்: பார்வையாளரிடம் கட்டணம் வாங்காமல் வெளியிட்டால், தளத்தின் வழக்கமான விளம்பரத் திட்டத்தின் மூலம் வருமானம் ஈட்டுவதை அவை அனுமதிக்கின்றன. நின்டெண்டோ இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது நீண்ட பாதை. 2013ஆம் ஆண்டில் தனது கேம்களின் காணொளிகள்மீது யூடியூபின் தானியங்கி ஒப்பீட்டு முறையான கன்டென்ட் ஐடி வழியாக உரிமை கோரி விளம்பர வருமானத்தை எடுத்துக்கொண்டது; 2015இல் படைப்பாளர் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பதிவுசெய்துகொண்டவர்களுக்கு வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுத்தது; 2018 இறுதியில் அதையும் மூடிவிட்டுப் பொதுவான வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. உங்களுடைய படைப்பாற்றலும் வர்ணனையும் சேர்ந்திருக்க வேண்டும், வெறும் பதிவாக இருக்கக் கூடாது என்று அவ்விதிகள் சொல்கின்றன.

கொள்கையைப் படிக்கும்போது, எவையெல்லாம் அனுமதியிலிருந்து விலக்கப்பட்டுள்ளன என்பதைத் தேடிப் படியுங்கள். கேம் வெளியாகும் முன்பே கசிந்த காட்சிகள், இசைத்தொகுப்பைத் தனியாக ஏற்றுவது, மாற்றியமைக்கப்பட்ட கேம்கள், வசனக் காட்சிகளை மட்டும் கோத்து வெளியிடுவது ஆகியவை பெரும்பாலும் வேலிக்கு வெளியே நிற்கும். 2022இல் ஜிடிஏ வரிசையின் அடுத்த கேமின் காட்சிகள் கசிந்தபோது டேக்-டூ நிறுவனம் அவற்றை விரைந்து அகற்றியது. அத்தகைய காணொளிக்காக வாதாடுவது வீண். ஜப்பானிய நிறுவனங்களின் கதை சார்ந்த கேம்களில் கூடுதல் கவனம் தேவை. 2017இல் பெர்சோனா 5 வெளியானபோது, கதையில் குறிப்பிட்ட தேதியைத் தாண்டிய பகுதிகளைக் காட்டினால் உரிமைகோரலோ ஸ்ட்ரைக்கோ (சேனல்மீது விழும் தண்டனைக் குறி) வரும் என்று அட்லஸ் எச்சரித்தது. கண்டனம் எழுந்தபின் அந்த எல்லையைத் தளர்த்தியது. 2023 செப்டம்பரில் ஜப்பானின் சென்டாய் மாவட்ட நீதிமன்றம், ஒரு விஷுவல் நாவல் கேமின் முடிவு உள்ளிட்ட காட்சிகளையும் அனிமே சுருக்கங்களையும் ஏற்றிப் பணம் ஈட்டியவருக்கு 2 ஆண்டுச் சிறைத்தண்டனையை 5 ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்துத் தீர்ப்பளித்ததுடன் 10 லட்சம் யென் அபராதமும் விதித்தது. படிப்பதே விளையாட்டாக அமைந்த கேமில், முழுக் கதையையும் காட்டிவிட்டால் அதை வாங்க வேண்டிய தேவையே போய்விடுகிறது என்பதுதான் அங்கே அடிப்படை வாதம்.

கொள்கைப் பக்கத்தைத் தேதியுடன் பிடிஎஃப் ஆகச் சேமித்துவையுங்கள். நிறுவனங்கள் அப்பக்கங்களை ஓசையின்றி மாற்றுவது உண்டு. நிறுவனத்திடம் மின்னஞ்சல் மூலம் தனியாக அனுமதி பெற்றிருந்தால் அதையும் அதே கோப்புறையில் வையுங்கள். ஆயினும் பொதுவான அனுமதி என்பது நிறுவனம் விரும்பினால் திரும்பப் பெறக்கூடியது என்பதை மறந்துவிடக் கூடாது. 2017 செப்டம்பரில், பியூடிபை என்ற பிரபல யூடியூபர் வேறொரு கேமின் நேரலையில் இனவெறிச் சொல் ஒன்றைப் பயன்படுத்தியபோது, ஃபயர்வாட்ச் கேமை உருவாக்கிய கேம்போ சாண்டோ நிறுவனம் தனது கேமைப் பற்றிய அவரது காணொளியை டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் மூலம் நீக்கவைத்தது. காணொளிகளுக்குப் பொதுவில் அனுமதி தந்திருந்த நிறுவனம்தான் அது. அவர் பேசியது கண்டிக்கத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் நீக்கப்பட்ட காணொளியில் அந்தப் பேச்சு இல்லை. நடத்தைக்கான தண்டனையைப் பதிப்புரிமையின் பெயரால் வழங்கலாம் என்ற வழி ஒருமுறை திறந்துவிட்டால், அது யாருக்கு எதிராக அடுத்துப் பயன்படும் என்பது நிறுவனத்தின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது.

பதிவுசெய்யும்போதே செய்துகொள்ள வேண்டிய ஒரு முன்னேற்பாடு பின்னால் பெரும் தலைவலியை மிச்சப்படுத்தும். ஓபிஎஸ் போன்ற மென்பொருளில் உங்கள் குரலை ஒரு ஒலித்தடத்திலும் கேமின் ஒலியை இன்னொரு தடத்திலும் தனித்தனியே பதிவுசெய்யுங்கள். கேமுக்குள் ஒலிக்கும் பாட்டுக்கு உரிமைகோரல் வந்தால், உங்கள் குரலை இழக்காமல் அந்தப் பாட்டை மட்டும் அகற்றி மறுபடி தயாரித்துக்கொள்ளலாம். உரிமம் பெற்ற பாடல்களைக் கொண்ட கேம்களில் ‘ஸ்ட்ரீமர் மோட்’ என்ற அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சைபர்பங்க் 2077இல் அதை இயக்கினால் சிக்கல் தரக்கூடிய பாடல்கள் மாற்றப்படும். யூடியூபில் ஏற்றும்போது, வெளியிடுவதற்கு முந்தைய கட்டத்தில் சரிபார்ப்பு ஓடும். அது முடியும்வரை பொறுத்திருந்து வெளியிட்டால், தானியங்கி உரிமைகோரல்களை யார் கண்ணிலும் படும் முன்பே தெரிந்துகொள்ளலாம். ஒரு மனிதர் கைப்பட அனுப்பும் புகாரை அச்சரிபார்ப்பு முன்கூட்டிச் சொல்லாது.

வந்திருப்பது எது?

யூடியூபில் இரண்டு முற்றிலும் வேறான நடைமுறைகள் உள்ளன. ஒன்று கன்டென்ட் ஐடி உரிமைகோரல். உரிமையாளர்கள் கொடுத்துவைத்த ஒலி, ஒளி மாதிரிகளோடு உங்கள் காணொளியை இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்துப் போடுவது இது. காணொளி பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், வருமானம் மட்டும் அவர்களுக்குப் போகும், சில வேளைகளில் சில நாடுகளில் தடுக்கப்படும். இதனால் சேனலுக்கு ஸ்ட்ரைக் விழுவதில்லை. மற்றொன்று, 1998ஆம் ஆண்டின் அமெரிக்க டிஎம்சிஏ சட்டத்தின்படி அனுப்பப்படும் நீக்கக் கோரிக்கை. இது சட்டப்படியான அறிவிப்பு. காணொளி அகற்றப்படும், சேனலுக்கு ஸ்ட்ரைக் விழும், 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக்குகள் சேர்ந்தால் சேனலே மூடப்படலாம். நேரலையின் நடுவே நீக்கப்பட்டால் நேரலை வசதியும் 7 நாட்களுக்குக் கட்டுப்படுத்தப்படும். ஸ்ட்ரைக் விழுந்தபின் காணொளியை நீங்களே அழித்தாலும் ஸ்ட்ரைக் அழியாது. பயத்தில் நீக்குபவர்கள் இதை அறியாமல்தான் நீக்குகிறார்கள். ஒரே விதிவிலக்கு, 7 நாள் அவகாசத்துடன் வரும் நீக்கக் கோரிக்கை: அந்த அவகாசத்துக்குள் நீங்களே நீக்கினால் ஸ்ட்ரைக் விழாது.

யூடியூப் ஸ்டூடியோவில் அந்தக் காணொளியின் ‘கட்டுப்பாடுகள்’ நெடுவரிசையில் பதிப்புரிமை என்பதன் விவரங்களைத் திறந்து பாருங்கள். உரிமை கோரியவர் பெயர், கோரப்பட்டது ஒலியா காட்சியா, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, விளைவு என்ன ஆகிய நான்கும் அங்கே இருக்கும். நான்கையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துச் சேமியுங்கள்.

அனுப்பியவர் யார்?

கேம் காணொளிக்கு வரும் உரிமைகோரலில் கேம் நிறுவனத்தின் பெயர் இல்லாமல் அறிமுகமற்ற இசை விநியோக நிறுவனம் ஒன்றின் பெயர் இருப்பது சாதாரணம். கேமின் இசைத்தொகுப்பை விற்பவரோ, அந்த இசையை எடுத்துத் தன் பாட்டில் கலந்தவரோ அதைக் கன்டென்ட் ஐடியில் சேர்த்திருப்பார்; இயந்திரம் மூலத்தையும் நகலையும் பிரித்தறியாது. இந்தச் சூழலில் கேம் நிறுவனம் உங்களுக்கு எதிரியாக அல்ல, துணையாக நிற்கக்கூடும். 2013 டிசம்பரில் கேம் சேனல்கள்மீது உரிமைகோரல்கள் அலையாக விழுந்தபோது கேப்காம், பிளிசார்ட், யுபிசாஃப்ட், டீப் சில்வர் ஆகியவை, இவற்றில் பலவும் தாங்கள் அனுப்பியவை அல்ல, மறுப்புத் தெரிவியுங்கள், உதவுகிறோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தன. ஆகவே இசை விநியோகஸ்தரின் பெயரைக் கண்டால் முதலில் கேம் நிறுவனத்தின் சமூக மேலாளருக்கு (ரசிகர்களோடு தொடர்பில் இருக்கும் ஊழியர்) காணொளி இணைப்பையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அனுப்பி விசாரியுங்கள்.

நிறுவனத்தின் பெயரிலேயே வந்த நீக்கக் கோரிக்கையும் போலியாக இருக்கலாம். 2022இல் டெஸ்டினி கேமின் காணொளிகள் வரிசையாக நீக்கப்பட்டன. அந்த கேமை உருவாக்கிய பங்கி நிறுவனத்தின் சொந்தச் சேனல்களின் காணொளிகள்கூடத் தப்பவில்லை. நிறுவனத்துக்காகப் பதிப்புரிமையைக் கவனிப்பவர்கள் போலத் தோன்றும் ஜிமெயில் முகவரிகளை உருவாக்கி, இசைத்தொகுப்பை ஏற்றியதற்காக உண்மையான நீக்கத்துக்கு ஆளான ஒருவரே 96 போலிக் கோரிக்கைகளை அனுப்பியிருந்ததாகப் பங்கி தொடுத்த வழக்கில் கூறப்பட்டது. 2019இல் யூடியூபே ஒருவர்மீது வழக்குத் தொடுத்தது. மைன்கிராஃப்ட் சேனல்கள்மீது பொய்யான ஸ்ட்ரைக்குகளைப் போட்டு, திரும்பப் பெறப் பணம் கேட்டவர் அவர். 25,000 டாலர் கொடுத்துப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு அவர் சமரசம் செய்துகொண்டார். நீக்க அறிவிப்பில் உள்ள மின்னஞ்சல் முகவரி நிறுவனத்தின் சொந்தக் களப்பெயரில் இல்லாவிட்டால், அந்த முகவரிக்குப் பதில் எழுதாமல், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள சட்டப்பிரிவு முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த உரையாடலை அப்படியே யூடியூபுக்கு அனுப்புங்கள்.

மறுப்பு எழுதும் விதம்

கன்டென்ட் ஐடி உரிமைகோரலை மறுத்தால், கோரியவருக்குப் பதில் தர 30 நாட்கள். அவர் மறுப்பை நிராகரித்தால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் பதில் தர அவருக்கு 7 நாட்கள். காலக்கெடு முடியும்வரை அவர் பேசாமல் இருந்தால் உரிமைகோரல் தானாக விலகும். உரிமைகோரல் வந்த 5 நாட்களுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்தே வருமானம் தனியே நிறுத்திவைக்கப்பட்டு, முடிவில் வென்றவருக்குக் கொடுக்கப்படும். தாமதித்தால் மறுத்த நாளிலிருந்துதான் அது நிறுத்திவைக்கப்படும். முதல் நாளிலேயே பார்வைகள் குவியும் காணொளிக்கு இந்த 5 நாள் கணக்கு முக்கியமானது. எச்சரிக்கை ஒன்றும் உண்டு: மேல்முறையீட்டையும் அவர் ஏற்காவிட்டால் நீக்கக் கோரிக்கையாக மாற்றலாம், அப்போது ஸ்ட்ரைக் விழும். எனவே மேல்முறையீடு என்பது, அந்த ஸ்ட்ரைக்கையும் எதிர்கொள்ளத் துணிவு இருக்கும்போது மட்டுமே எடுக்க வேண்டிய அடி. பின்னணியில் ஒலித்த ஒரு நிமிடப் பாட்டுக்காக அந்த அபாயத்தை எடுப்பதைவிட, ஸ்டூடியோவின் கருவியால் பாட்டை அகற்றுவதோ அந்தப் பகுதியை வெட்டுவதோ மேல்.

மறுப்புப் படிவத்தில் காரணத்தைத் தேர்ந்தெடுத்தபின் சில வரிகள் எழுத இடம் இருக்கும். அங்கே வழக்கமாக எழுதப்படுபவை இவைதான்: ‘இந்த கேமை நான் காசு கொடுத்து வாங்கினேன்’, ‘பதிப்புரிமையை மீறும் எண்ணம் எனக்கு இல்லை’, ‘மற்றவர்களும் இப்படித்தானே போடுகிறார்கள்’, ‘உரிமை உங்களுடையது என்று விளக்கப் பகுதியில் குறிப்பிட்டிருக்கிறேன்’. இவை நான்கில் ஒன்றுகூடச் சட்டப்படி காரணம் ஆகாது. கோரியவரின் அலுவலகத்தில் அதைப் படிப்பவர் அடுத்த கோப்புக்குப் போய்விடுவார்.

பயன்படும் மறுப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘இது 22 நிமிட விமர்சனக் காணொளி. உரிமை கோரப்பட்ட பகுதி 4:10 முதல் 6:35 வரை. எதிரிகள் சுவருக்குள் சிக்கிக்கொள்ளும் குறையைக் காட்டுவதற்காக மட்டும் அந்தச் சண்டைக் காட்சி இடம்பெறுகிறது. 4:22இலும் 5:48இலும் காட்சியை நிறுத்திக் குறையைச் சுட்டிக்காட்டியிருக்கிறேன். பகுதி முழுவதும் எனது விளக்கம் தொடர்கிறது. கதையின் முடிவு காட்டப்படவில்லை. மேலும், உங்கள் நிறுவனத்தின் காணொளிக் கொள்கை வர்ணனையுடன் கூடிய காணொளிகளை அனுமதிக்கிறது. அப்பக்கத்தின் இணைப்பு கீழே.’ உணர்ச்சி ஏதுமில்லை. நிமிடக் கணக்கு, நோக்கம், அனுமதி மட்டுமே.

தமிழில் பேசிக் காணொளி செய்பவர்களுக்கு இதில் கூடுதல் வேலை ஒன்று இருக்கிறது. மறுப்பைப் படிப்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. அவர் காதுக்கு உங்கள் கூர்மையான விமர்சனமும் வெற்று அரட்டையும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். ஆகவே மறுப்பை ஆங்கிலத்தில் எழுதுவதுடன், கோரப்பட்ட பகுதியில் நீங்கள் சொல்வதன் சாரத்தையும் இரண்டு மூன்று வரிகளில் ஆங்கிலத்தில் கொடுங்கள். காணொளியில் ஆங்கில வசனவரி சேர்த்திருந்தால் இன்னும் நல்லது.

‘நியாயமான பயன்பாடு’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அமெரிக்கச் சட்டம் கேட்கும் நான்கு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தினீர்கள், மூலப் படைப்பின் தன்மை என்ன, எவ்வளவு எடுத்தீர்கள், அதன் சந்தையை உங்கள் காணொளி பாதிக்குமா. இத்தனை நொடிக்குள் எடுத்தால் பாதுகாப்பு என்றொரு கணக்கு எங்கும் இல்லை. விமர்சனத்துக்கு வலுவான தரப்பு உண்டு; மௌனமாக முழு கேமையும் விளையாடிக் காட்டும் பதிவுக்கு மிகவும் பலவீனமான தரப்பே உண்டு. இது நீதிமன்றத்தில் வைக்கும் வாதமே தவிர, படிவத்தில் எழுதினால் கதவு திறக்கும் மந்திரச் சொல் அல்ல. அனுமதிக் கொள்கை உங்களுக்குச் சாதகமாக இருந்தால் அதையே முதலில் முன்வையுங்கள்.

ஸ்ட்ரைக் விழுந்தபின்

மூன்று வழிகள் உள்ளன. பதிப்புரிமைப் பாடத்தை முடித்துவிட்டு 90 நாட்கள் காத்திருப்பது ஒன்று. காணொளி முக்கியமில்லை, வேறு ஸ்ட்ரைக்கும் இல்லை என்றால் அதுவே போதும்.

இரண்டாவது, அனுப்பியவரிடமே திரும்பப் பெறச் சொல்வது. கேம் நிறுவனங்களிடம் இதுதான் அதிகம் பலிக்கும் என்பது என் கணிப்பு, ஏனெனில் சட்டப்பிரிவு செய்வது விளம்பரப்பிரிவுக்குப் பல நேரம் தெரிவதே இல்லை. சட்டப்பிரிவுக்கு ஒரு கடிதம், சமூக மேலாளருக்கு அதன் நகல் என இரண்டையும் ஒரே நாளில் அனுப்புங்கள். காணொளியின் பெயர், இணைப்பு, ஸ்ட்ரைக் தேதி, கொள்கையின் எந்தப் பகுதிப்படி அது அனுமதிக்கப்பட்டது ஆகியவை போதும். விமர்சனத்தை அடக்கவே நீக்கம் வந்தது என்று தெளிவாகத் தெரிந்தால் பொதுவெளியில் சொல்லலாம். அதுவும் வேலை செய்திருக்கிறது. 2013இல் டோட்டல்பிஸ்கட் என்ற விமர்சகர், ‘டே ஒன்: கேரிஸ் இன்சிடென்ட்’ கேமைக் கடுமையாகச் சாடிய காணொளியை வைல்ட் கேம்ஸ் ஸ்டூடியோ நீக்கவைத்தது, நடந்ததை அவர் வெளியிட்டபின் கண்டனம் பெருகி, நிறுவனம் பின்வாங்கியது. எழுதும்போது ஆவணங்களை மட்டும் காட்டுங்கள், ஊழியர்களின் பெயரை இழுக்காதீர்கள், ரசிகர்களை ஏவிவிடாதீர்கள்.

மூன்றாவது எதிர் அறிவிப்பு. இது சட்ட ஆவணம்: தவறுதலாகவோ தவறான அடையாளத்தாலோ நீக்கப்பட்டது என்று பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு உறுதி கூறுகிறீர்கள், உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை எதிர்த்தரப்புக்குப் போகும், நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கிறீர்கள். வீட்டு முகவரியைக் கொடுக்கத் தயங்கினால் வழக்கறிஞர் வழியாக அனுப்பலாம். இதன்பின், வழக்குத் தொடுத்ததற்கான ஆதாரத்தை 10 வேலை நாட்களுக்குள் அவர்கள் காட்டாவிட்டால் காணொளி திரும்ப வரும், ஸ்ட்ரைக் விலகும். பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு விமர்சகர்மீது வழக்குப் போட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்ள விரும்புவதில்லை. ஆனால் விதிவிலக்கும் நடந்திருக்கிறது. டிஜிட்டல் ஹோமிசைட் என்ற கேம் நிறுவனம் 2014இல் கேம் விமர்சகர் ஜிம் ஸ்டெர்லிங்கின் காணொளியை நீக்கவைத்து, அது மீண்டு வந்ததும், 2016இல் பதிப்புரிமையை விட்டுவிட்டு அவதூறு என்று 1 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. 2017 பிப்ரவரியில் மீண்டும் தொடுக்க முடியாதபடி அது தள்ளுபடியானது. வென்றாலும் அந்த மாதங்களைத் தாங்கும் நிலை உங்களுக்கு இருக்க வேண்டும். நீக்கக் கோரிக்கை அனுப்புபவர் நியாயமான பயன்பாட்டை முதலில் கருத்தில்கொள்ள வேண்டும் என்று 2015இல் லென்ஸ் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெரிந்தே பொய் சொன்னவர் இழப்பீடு தர வேண்டும் என்று டிஎம்சிஏவின் 512ஆம் பிரிவும் சொல்கிறது. கடிதத்தில் அவற்றை ஒரு வரியில் நினைவூட்டலாம். அவற்றை வைத்து எதிர் வழக்குப் போடுவது தனிநபருக்கு எளிதான காரியம் அல்ல.

எதிர் அறிவிப்பு நிலுவையில் இருக்கும்போது அதே காணொளியை வேறு பெயரிலோ நண்பரின் சேனலிலோ ஏற்றாதீர்கள். அது இன்னொரு ஸ்ட்ரைக்குக்கு வழி, தடையை ஏய்ப்பதாகவும் கொள்ளப்படலாம். காணொளி திரும்பி வந்ததும் ஸ்டூடியோவில் வருமானம் மீண்டும் இயங்குகிறதா, நாட்டுத் தடைகள் ஏதும் மிச்சமிருக்கின்றனவா, அதே காட்சிகளைப் பயன்படுத்திய உங்கள் பழைய காணொளிகளில் புதிய உரிமைகோரல் விழுந்திருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.